மழை இறங்கும் முன் பரணை இறக்குங்கள்

ரங்கூனில் வீட்டை ஒதுக்கப் பங்குனிதான் நல்ல மாதம். மார்ச் கடைசியில் கை வைத்தால் திஞ்சான் என்கிற பர்மியத் தண்ணீர்த் திருவிழாவுக்குள், அதாவது நம்ம சித்திரை வருஷப் பிறப்புக்குள் முடித்துவிடலாம். திஞ்சான் வந்துவிட்டால் தெருவெல்லாம் தண்ணீர். மே நடுவில் மழை பிடித்தால் அக்டோபர் வரை துணி காய்வதே பெரும்பாடு.

எங்கள் வீடு ஐந்தாம் மாடி, லிஃப்ட் கிடையாது. முன்னால் பால்கனி, பின்னால் சமையல்கட்டு, நடுவில் ரயில் பெட்டி மாதிரி ஒரே நீளக் கூடம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னல் வைக்க வழியில்லை. பால்கனியில் நுழைகிற காற்று சமையல்கட்டு வரை போனால்தான் வீட்டுக்குள் ஈரம் தங்காது. அதனால் நான் ஒதுக்கும்போது ஒன்றைத்தான் பார்க்கிறேன்: காற்றை மறித்துக்கொண்டு எது நிற்கிறது, சுவரை ஒட்டிக்கொண்டு எது இருக்கிறது? வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான்.

முதல் நாள் காகிதம். வேறெதையும் தொடாதீர்கள். 2008 மே 2 இரவு நர்கீஸ் புயல் அடித்தபோது எங்கள் கூரைத் தகரம் பறந்துவிட்டது. மாமனாரின் டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. இன்னும் மழை வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், நனைந்த காகிதங்களை அப்படியே பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டேன். பத்து நாள் கழித்துப் பிரித்தால் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டி, கறுப்புப் புள்ளி பூத்துக் கிடந்தது. அவருடைய அம்மா ஊரிலிருந்து எழுதிய கடிதங்களில் ஒன்றைக்கூடப் பிரிக்க முடியவில்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு வலிக்கிறது.

ஆகவே, காயாத காகிதத்தைப் பிளாஸ்டிக்கில் போடவே கூடாது. தரையில் பழைய வேட்டியை விரித்து, காகிதங்களை ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்பி, நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். நேர் வெயிலில் மை வெளுத்துவிடும். பூஞ்சை இருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகு, மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பால்கனியில் வைத்து மெல்லிய பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்தில் தேய்த்தால் கறை உள்ளே இறங்கிவிடும். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட போட்டோவைப் பிய்க்காமல், கண்ணாடியோடு சேர்த்தே ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குடியுரிமை அட்டை, வீட்டு ஆள் பட்டியல், பிறப்புப் பத்திரம் மூன்றும் ஒரே பையில், இருட்டில் தடவினாலும் கைக்குக் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும். நம்மவர்களுக்கு இந்த நாட்டில் அந்தக் காகிதம் எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

போன வருஷம் அதே டிரங்கின் அடியில் 75 கியாட் நோட்டு ஒரு சின்னக் கட்டு கிடைத்தது. 1987 செப்டம்பரில் ஒரே நாளில் செல்லாமல் போன நோட்டு. "அத்தை, இது செல்லாதே" என்றேன். "செல்லாதுன்னு தெரியும்மா. உங்க மாமா சம்பளம் அது" என்றார். அதைத் துடைத்து, ஒரு உறையில் போட்டு, அவர் கையிலேயே கொடுத்தேன். வயசானவர்கள் வீட்டில் இருந்தால் இப்படிப்பட்ட சாமானில் மல்லுக்கு நிற்காதீர்கள். ஒரு உறை எந்தக் காற்றையும் மறிக்காது. மறிப்பதெல்லாம் காலி பிஸ்கட் டின், கைப்பிடி போன குடை, யாரும் விரிக்காத நாலு மெத்தை. அதைக் கேட்டுப் பாருங்கள், அவர்களே சரி என்பார்கள்.

இரண்டாம் நாள் துணி. கரண்ட் இருக்கும்போதுதான் மோட்டார் ஓடும், தண்ணீர் ஏறும். அதனால் முந்தின இரவே டிரம்மை நிரப்பிவிடுங்கள். கைலி, போர்வை எல்லாம் துவைத்து நல்ல வெயிலில். பட்டுப்புடவை மட்டும் நிழலில், உள்பக்கம் வெளியே தெரிய. பழைய மடிப்பிலேயே திரும்ப மடித்தால் அந்த இடத்தில் இற்றுப்போகும், மடிப்பை மாற்றுங்கள். நாப்தலின் உருண்டை ஜரிகையில் படக் கூடாது, கறுத்துவிடும். நான் புடவையைப் பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, பக்கத்தில் அடுப்புக்கரித் துண்டுகளைத் துணிப்பையில் கட்டி வைக்கிறேன். மழைக்கு நடுவில் என்றைக்காவது வெயில் எட்டிப் பார்த்தால் அந்தக் கரியை எடுத்துக் காயவைத்துக்கொள்ளலாம்.

பாத்திரத்துக்குப் பெரிய யோசனை வேண்டாம். புளி போட்டுத் தேய்த்து, ஒரு வருஷமாக எடுக்காததைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் பரணில் கனமான எதையும் திரும்ப ஏற்றாதீர்கள். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்கு அப்புறம் எங்கள் அண்டா, அம்மிக்கல் எல்லாம் தரைக்கு வந்துவிட்டன. அந்தப் பரணுக்குக் கீழேதான் பிள்ளைகள் படுக்கிறார்கள்.

பீரோவைத் திரும்பத் தள்ளும்போது சுவருக்கும் அதற்கும் நடுவில் நாலு விரல் இடம் விடுங்கள். கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு செங்கல். பின்பக்கத்தை வினிகர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகே தள்ள வேண்டும். இந்த நாலு விரலை நான் ஒவ்வொரு பீரோவுக்கும் கை வைத்தே அளக்கிறேன்.

வேண்டாத சாமானைக் கூடத்தில் ஒரு ராத்திரிகூட வைக்காதீர்கள், காலையில் பாதி உள்ளே போய்விடும். தெருவில் பழைய பேப்பர், பாட்டில் வாங்குகிறவர் குரல் கேட்டதும் பால்கனியிலிருந்து கூப்பிடுங்கள். தினசரிப் பேப்பரைக் கீழேயிருந்து மேலே இழுக்கக் கிளிப் மாட்டி பால்கனியில் ஒரு நூல் தொங்கவிட்டிருக்கிறோமே, அது தாங்காது. தடித்த கயிறு ஒன்று வாங்கி, சாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி இறக்குங்கள். கீழே ஒரு ஆள் நின்று பிடிக்கட்டும்.