பாக்கெட் மூலையில் எவ்வளவு ரேடியஸ் விடலாம்?

திரையில் பாக்கெட்டின் (உலோகத்தில் குடைந்தெடுக்கும் பள்ளத்தின்) உள்மூலையைக் கூராக வரைந்துவிடலாம்; மில்லிங்கில் அது வராது. சுற்றுகிற கட்டர் வட்டம், அதன் ஆரம் மூலையில் தங்கியே தீரும். கூர்மூலைதான் வேண்டுமென்றால் ஈ.டி.எம்முக்கு (மின்பொறியால் அரித்து வெட்டும் முறைக்கு) அனுப்பவேண்டும், அது தனிச் செலவு.

பாக்கெட் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்காவது மூலை ரேடியஸ் இருக்கட்டும். 30 மி.மீ. ஆழத்துக்கு 10 மி.மீ. ரேடியஸ் விட்டால் 16 மி.மீ. எண்ட் மில் (மில்லிங் கட்டர்) தாராளமாக இறங்கும். அதே ஆழத்துக்கு 3 மி.மீ. கேட்டால் 6 மி.மீ. கட்டர் ஐந்து மடங்கு நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நீளம் இரட்டித்தால் கட்டரின் வளைவு 8 மடங்கு, விட்டம் பாதியானால் 16 மடங்கு. சுவர் சரிவாக வருவதும் கட்டர் ஒடிவதும் இதனால்தான்.

ரேடியஸை கட்டரின் ஆரத்துக்குச் சரியாகவும் வைக்கக்கூடாது. 10 மி.மீ. கட்டரை 5 மி.மீ. மூலைக்குள் விட்டால், அங்கே திசை மாற ஒரு கணம் நிற்கும், பிடிக்கும் பரப்பு சட்டென்று கூடும், கிறீச்சிடும், மூலையில் வரிவரியாகத் தழும்பு விழும். 6 மி.மீ. கொடுங்கள், வளைந்து போய்விடும். பாக்கெட்டுக்குள் சதுரப் பாகம் உட்காரவேண்டுமா? அந்தப் பாகத்தின் மூலைகளைச் சேம்ஃபர் செய்வதே (சரிவாகச் சீவிவிடுவதே) சுலபம்.

வெளி விளிம்பில் மட்டும் கதை தலைகீழ்: அங்கே ரேடியஸ் வேண்டாம், 0.5 மி.மீ. சேம்ஃபர் போதும்.

துளைகளுக்கு வருவோம்: அடிமூடிய எம்8 (8 மி.மீ. மரை) துளைக்கு 6.8 மி.மீ. ட்ரில். ஸ்டீலில் 12 மி.மீ. மரை தாராளம். ஆனால் துளை 18 மி.மீ. போகட்டும், மரை வெட்டும் டேப்பின் முனைச்சரிவுக்கும் சீவலுக்கும் இடம் வேண்டும், இல்லாவிட்டால் டேப் உள்ளேயே முறியும். தட்டை அடி கேட்காதீர்கள், ட்ரில் கூம்பாகத்தான் விடும். சரிந்த முகத்தில் துளை வைத்தால் ட்ரில் வழுக்கும். முதலில் ஒரு சமதளம் வரையுங்கள்.

டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்): பொதுவாக ஐ.எஸ்.ஓ. 2768-எம் என்ற பொதுத் தரத்தைக் குறித்தால் போதும். 30 முதல் 120 மி.மீ. வரை ±0.3 கிடைக்கும். பேரிங் உட்காரும் 20 மி.மீ. துளைக்கு மட்டும் ஹெச்7 என்ற இறுக்கமான அளவு, அதாவது 0 முதல் +0.021 மி.மீ. ஒரே அச்சில் நிற்கவேண்டிய இரண்டு துளைகளை ஒரே பக்கத்திலிருந்து எட்டும்படி வையுங்கள். ஜாபை (வெட்டும் பாகத்தை) திருப்பிக் கட்டினால் அந்த அச்சு அப்படியே திரும்பக் கிடைக்காது.