காய்ச்சல் நேரத்து ரத்த ரிப்போர்ட்டை வைத்துப் புற்றுநோயை எடைபோடாதீர்கள்

பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவரின் ஃபைலில் பாதி ரத்த ரிப்போர்ட்தான். சிஇஏ (புற்றுநோயைக் கண்காணிக்கப் பார்க்கும் புரதம்), சிஆர்பி (உடலின் அழற்சியைக் காட்டும் புரதம்), ஆல்புமின் (கல்லீரல் உண்டாக்கும் புரதம்), நியூட்ரோபில்–லிம்போசைட் விகிதம் (இரண்டு வகை வெள்ளணுக்களின் விகிதம்) எல்லாமே நோயின் போக்கைப் பற்றி ஏதோ சொல்பவை. சிக்கல் என்னவென்றால், வைரஸ் தொற்றும் இந்த எண்களில் பலவற்றை ஆட்டிவைக்கும்.

அதிகம் ஏமாற்றுவது அந்த விகிதம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காய்ச்சலுக்கு முன் மொத்த வெள்ளணு 7,000. நியூட்ரோபில் 65%, லிம்போசைட் 25%. அதாவது 4,550-ஐ 1,750-ஆல் வகுத்தால் 2.6. காய்ச்சலின் மூன்றாம் நாள் மொத்தம் 5,000. நியூட்ரோபில் 80%, லிம்போசைட் 12%. இப்போது 4,000-ஐ 600-ஆல் வகுக்க வேண்டும்: 6.7. விகிதம் இரண்டரை மடங்கு ஏறிவிட்டது. ஆனால் நியூட்ரோபில் ஏறவே இல்லை, குறைந்துதான் இருக்கிறது. விழுந்தது லிம்போசைட். கோவிட் உட்படப் பல வைரஸ்கள் செய்யும் வேலை இது. ஆகவே சதவீதத்தை மட்டும் பார்க்காமல் இரண்டின் எண்ணிக்கையையும் பாருங்கள். வாந்தி வராமலிருக்கக் கொடுக்கும் டெக்ஸாமெத்தாசோனும், வெள்ளணு ஏற்றும் ஊசியும் இதே விகிதத்தை உயர்த்தும். ரிப்போர்ட்டின் ஓரத்தில் கடைசி கீமோ தேதி, ஊசி போட்ட தேதி, காய்ச்சல் தொடங்கிய நாள் மூன்றையும் பேனாவால் குறித்து வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இந்த விகிதம் நூற்றுக்கணக்கான நோயாளிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கும் ஆய்வுக்குப் பயன்படும் எண். ஒருவருக்கு என்ன ஆகும் என்பதை அதைவிட நன்றாகச் சொல்வது அறுவையில் எடுத்த பகுதியின் பயாப்ஸி ரிப்போர்ட்தான்: எந்த ஸ்டேஜ், குறைந்தது 12 நிணநீர்க் கணுக்களாவது பரிசோதிக்கப்பட்டனவா, அவற்றில் எத்தனையில் புற்று, எம்எஸ்ஐ (புற்றுசெல்லில் டிஎன்ஏ பிழைகளைத் திருத்தும் வேலை கெட்டிருக்கிறதா என்று காட்டும் சோதனை) நிலை என்ன.

சிஆர்பியில் முதலில் அலகைப் பாருங்கள். ஒரு லேப் லிட்டருக்கு மில்லிகிராமில் தரும், இன்னொன்று டெசிலிட்டருக்கு. 12-ம் 1.2-ம் ஒன்றேதான், தெரியாதவர்களுக்கு நோய் பத்து மடங்கு ஏறியதுபோலத் தோன்றும். தொற்று அடங்கினால் சிஆர்பி சில நாட்களில் இறங்கிவிடும். இரண்டு வாரமாகியும் இறங்கவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். ஆல்புமின் மெதுவாகத்தான் மீளும், வாரக்கணக்கில்.

சிஇஏ சாதாரண சளிக் காய்ச்சலுக்கு அசையாது. ஆனால் அதை ரத்தத்திலிருந்து அகற்றுவது கல்லீரல். அது வீங்கினால் சிஇஏயும் ஏறலாம். புகைபிடிப்பவருக்கு இயல்பிலேயே சற்றுக் கூடுதல். ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து தொடங்கிய முதல் 4–6 வாரங்களில் தற்காலிகமாக ஏறுவதும் உண்டு. ஒரே ஒரு உயர்வை வைத்து முடிவெடுக்காமல், அதே லேபில் மறுபடி எடுங்கள். லேப் மாறினால் கிட் மாறும், எண்ணும் மாறும்.

உண்மையிலேயே ஆபத்தான தவறு கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் விஷயத்தில் நடக்கிறது. அறுவைக்கு முன் 'வைரல் மார்க்கர்ஸ்' எடுத்தாயிற்று, நெகட்டிவ் என்று நிம்மதியாக இருப்பார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது ஹெச்பிஎஸ்ஏஜி (இப்போது இருக்கும் ஹெபடைட்டிஸ் பி தொற்றைக் காட்டுவது), ஹெச்சிவி (ஹெபடைட்டிஸ் சி), ஹெச்ஐவி மட்டும். பழைய தொற்றைக் காட்டும் 'ஆன்ட்டி-ஹெச்பிசி டோட்டல்' இருக்காது. கல்லீரலில் தூங்கும் வைரஸ் கீமோவில் எதிர்ப்புசக்தி தளரும்போது விழித்துக்கொள்ளலாம். கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி எகிறும், பழி ஆக்ஸாலிபிளாட்டின் மேலோ, கல்லீரலுக்குப் பரவிய புற்றின் மேலோ விழும். கீமோவுக்கு முன்பே ஹெச்பிஎஸ்ஏஜி, ஆன்ட்டி-ஹெச்பிசி டோட்டல், ஆன்ட்டி-ஹெச்பிஎஸ் (எதிர்ப்பாற்றல் இருப்பதைக் காட்டுவது) மூன்றையும் கேட்டு எடுங்கள். ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்குவார்கள். கீமோ முடிந்தும் குறைந்தது 12 மாதம் தொடர வேண்டும். 'கீமோதான் முடிந்துவிட்டதே' என்று நடுவில் நிறுத்தினால் வைரஸ் சீறி எழும். ஆன்ட்டி-ஹெச்பிசி மட்டும் பாசிட்டிவ் என்றால், வழக்கமான கீமோவுக்கு எஸ்ஜிபிடியையும் ஹெச்பிஎஸ்ஏஜியையும் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துவந்தால் பெரும்பாலும் போதும்.

கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் வந்தால் 'ஊரெல்லாம் வைரல் ஃபீவர்' என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடக் கூடாது. வாயில் வைத்துப் பார்க்கும்போது ஒருமுறை 101 ஃபாரன்ஹீட் தொட்டாலோ, 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலோ உடனே மருத்துவமனை. நியூட்ரோபில் 500-க்குக் கீழே இருந்தால், போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டால் அந்த நேரம் கைநழுவும்.

மழைக்கால டெங்குவில் குழப்பம் வேறு விதம். தட்டணு 60,000 என்று வந்தால் ஆக்ஸாலிபிளாட்டின்தான் காரணம் என்று அடுத்த சுற்றைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காய்ச்சலும் உடம்புவலியும் சேர்ந்திருந்தால் முதல் ஐந்து நாளுக்குள் டெங்குவைக் கண்டறியும் என்எஸ்1 பரிசோதனை கேளுங்கள். ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா என்று தினமும் பாருங்கள். கீமோ மட்டும் காரணமென்றால் அது இப்படி ஏறாது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஐப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் பக்கமே போக வேண்டாம். பப்பாளி இலைச்சாறு குடிப்பதாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் அது சாற்றாலா, கீமோவாலா என்று தெரிய வேண்டும்.