தட்டைப்பயறு வேரில் பாக்டீரியா செய்யும் வேலை: இரண்டு தொட்டி வைத்துப் பார்க்கலாம்

பயறு போடுகிற நாம் பெரும்பாலும் இலையைப் பார்த்தே செடியை எடை போடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். முதல் வருடம் மொட்டைமாடியில் தட்டைப்பயறு போட்டு, பத்து நாளைக்கு ஒரு முறை யூரியா கரைத்து ஊற்றினேன். இலையெல்லாம் கரும்பச்சை. காய்ப்பு ஓய்ந்து செடியைப் பிடுங்கியபோது வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருந்து செடிக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) பிடித்துத் தரும் சிறு உருண்டைதான் அந்த முடிச்சு. காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ள வழியுள்ள செடியை, என் கையை எதிர்பார்த்தே நிற்க வைத்துவிட்டேன். அதனால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களிடம் முதலில் வேரைப் பாருங்கள் என்கிறேன். ஒரு தொட்டியில் இந்த பாக்டீரியா பூசிய விதை, இன்னொன்றில் பூசாத விதை என்று போட்டால் வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

1. மண்

பயறு விளைந்த மண்ணில் இந்த பாக்டீரியா ஏற்கெனவே இருக்கும், வித்தியாசம் தெரியாது. அஸ்திவாரத்துக்கோ கிணற்றுக்கோ ஆழத்தில் தோண்டிய செம்மண் கிடைத்தால் நல்லது. அதோடு மணலும் தென்னை நார்க்கழிவும் சம அளவில் கலந்து இரண்டு தொட்டிகளை நிரப்புங்கள். தொட்டிக்கு ஒரு டீஸ்பூன் சூப்பர் பாஸ்பேட் போதும். முடிச்சு உண்டாக அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) அவசியம். யூரியா வேண்டாம், தொழுவுரமும் இந்த முறை வேண்டாம். மண்ணில் தழைச்சத்து தாராளமாக இருந்தால் செடி பாக்டீரியாவைச் சேர்த்துக்கொள்ளாது.

2. விதை நேர்த்தி

உயிர் உரக் கடையில் 'ரைசோபியம்' என்று மட்டும் கேட்டால் போதாது, எந்தப் பயிருக்கு என்று சொல்லுங்கள். தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை எல்லாம் ஒரே குழு. கொடைக்கானல் பக்கம் விளையும் பீன்ஸுக்கு வேறு வகை ரைசோபியம் வேண்டும். காலாவதி தேதியையும் பார்த்து வாங்குங்கள், வாங்கியதை வெயில் படாமல் வையுங்கள். உள்ளே இருப்பது உயிர்.

முதலில் நேர்த்தி செய்யாத, அதாவது பாக்டீரியா பூசாத விதைகளை ஒரு தொட்டியில் ஊன்றிவிடுங்கள். அப்புறம்தான் பாக்கெட்டைத் தொட வேண்டும். வரிசை மாறினால் கையோடு பாக்டீரியா அந்தத் தொட்டிக்கும் போய்விடும். இருபது விதைக்கு ஒரு டீஸ்பூன் ஆறிய அரிசிக் கஞ்சி, அதே அளவு பாக்கெட்டிலுள்ள கறுப்புத் தூள். விதையின் மேல் மெல்லிய கறுப்புப் பூச்சு படியும்வரை மெதுவாகப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, உடனே ஊன்றுங்கள். பூஞ்சணக்கொல்லி மருந்து பூசிய விதை என்றால் ஒரு நாள் இடைவெளி விட்டே இதைப் பூச வேண்டும்.

தொட்டிகளைத் தள்ளி வையுங்கள். தண்ணீர் ஊற்றும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தெறிக்கக் கூடாது.

3. மண்ணுக்கடியில் நடப்பது

முளைத்த வேர் ஃபிளேவனாய்டு என்ற பொருளைக் கசியவிடும். அதை உணர்ந்து ரைசோபியம் தன் பங்குக்கு ஒரு வேதிச் சமிக்ஞை அனுப்பும். உடனே வேர்த்தூவியின் (வேரின் மேலுள்ள நுண்ணிய முடியின்) நுனி குடைக் கைப்பிடி போலச் சுருண்டு பாக்டீரியாவைப் பொதிந்துகொள்ளும். அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் உள்நோக்கி வளரும். அதன் வழியே பாக்டீரியா போய்ச் சேரும் இடத்தில் வேரின் செல்கள் பிரிந்து பெருகி முடிச்சாகத் திரளும். எத்தனை முடிச்சு போதும் என்பதைச் செடியே தீர்மானிக்கிறது. போதுமான அளவு வந்ததும் இலையிலிருந்து வேருக்குத் தகவல் இறங்கி, புது முடிச்சுகள் நின்றுவிடும். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு இது வியப்புதான்.

சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற வேறு மண் பாக்டீரியாக்கள் முடிச்சு போடாது. வேரைச் சுற்றியே இருந்துகொண்டு, அவற்றில் பல ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரக்கின்றன. அதனால் பக்க வேரும் வேர்த்தூவியும் கூடி, மணிச்சத்தை எட்டிப்பிடிக்க அதிக இடம் கிடைக்கிறது.

4. முப்பதாம் நாள்

தொட்டிக்கு ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். பிடித்து இழுத்தால் முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். நன்றாகத் தண்ணீர் விட்டு, மண்கட்டியோடு பெயர்த்து, ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, மண் தானாகக் கரையும்வரை காத்திருங்கள். நேர்த்தி செய்த செடியில் தண்டுக்குக் கீழே, ஆணிவேரின் மேல்பகுதியில் முடிச்சுகள் கொத்தாக இருக்கும். மற்றதில் ஒன்றும் இருக்காது, அல்லது பக்க வேர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும்.

பெரிய முடிச்சு ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு, விரலில் லேசாக ரத்தக் கறை போல ஒட்டும். நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் மாதிரி, முடிச்சில் லெக்ஹீமோகுளோபின். ஆக்சிஜன் மிதமிஞ்சினால் தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி கெட்டுவிடும். அதைக் காக்கவே இந்தச் சிவப்பு. உள்ளே வெள்ளையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை, அல்லது வேலை செய்யாத ரகம்.

நூற்புழு என்ற நுண்ணிய மண்புழு வகையல்லாத புழு தாக்கிய வேரிலும் வீக்கம் இருக்கும், குழம்ப வேண்டாம். முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், கட்டைவிரலால் தள்ளினால் கழன்று வரும். நூற்புழு வீக்கத்தில் வேரே தடித்திருக்கும், கழலாது.

மீதிச் செடிகளைக் காய்க்க விடுங்கள். தண்ணீர் தேங்கவிடாதீர்கள், காற்றில்லாவிட்டால் முடிச்சு ஓய்ந்துபோகும். காய் முற்றும்போது முடிச்சின் உள்ளே பச்சையாகி, பழுப்பாகி, கொழகொழவென ஆவது இயல்பு. அறுவடை முடிந்ததும் தண்டை மண்மட்டத்தில் வெட்டி, வேரை உள்ளேயே விட்டு, தழையை மேலே பரப்பி, அடுத்து அதே தொட்டியில் தண்டுக்கீரை விதையுங்கள்.