பெரிய கலைப்படைப்பின் முன் நிற்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு ஆண்டுக்கொருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேக்குப் புதுச்சேரியிலிருந்து போய்வந்த நண்பர்களிடம் எப்படியிருந்தது என்று கேட்டால், ‘ரொம்பப் பெரிசு, ஆனா புரியல’ என்பார்கள். நாம் பார்க்கும் விதத்தில்தான் பல நேரம் சிக்கல்.

முதல் தவறு, அளவை வியந்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடுவது. சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்ன் அரங்கில் சுமார் 10 கோடி சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். எட்ட நின்றால் வெறும் சாம்பல் நிறத் தரை. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு விதையும் பீங்கானில் செய்து, கையால் வண்ணம் தீட்டியது. இத்தனை பெரிய கூட்டத்தில் ஒற்றை மனிதருக்கு என்ன இடம் என்ற கேள்வி, குனியும்போதுதான் வருகிறது. எட்ட நின்று பாருங்கள், கிட்டப் போங்கள், அப்புறம் மறுபடி எட்ட வாருங்கள்.

தலைப்பைப் படிக்காமல் விடுவது இன்னொரு தவறு. பிரெஞ்சுக் கலைஞர் கிறிஸ்தியான் போல்தான்ஸ்கி அதே ஆண்டு பாரிசின் கிரான் பலே மண்டபத்தில் பழைய துணிகளை வரிசை வரிசையாக விரித்துவைத்தார். ஒரு பக்கம் துணிமலை. அதிலிருந்து ஒரு கிரேன் அள்ளித் தூக்குவதும் கீழே போடுவதுமாக இருந்தது. படைப்பின் பெயர் ‘பெர்சோன்’. நம் ஊரில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். பன்மையில் எழுதினால் ‘மனிதர்கள்’. ‘யாருமில்லை’ என்பதற்கும் காதில் விழுவது அதே ஒலிதான். சட்டை இருக்கிறது, போட்டிருந்தவர் இல்லை.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது அவசரம். இங்கிலாந்தின் கிராஸ்பி கடற்கரையில் ஆண்டனி கார்ம்லி தன் உடலையே அச்செடுத்து வார்த்த 100 இரும்பு மனிதர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். ஓதம் ஏறினால் தண்ணீர் முழங்கால், இடுப்பு, கழுத்து என்று ஏறிப் பலர் மறைந்துபோகிறார்கள். வடிந்ததும் துருவும், ஒட்டி வளரும் கடலுயிரான கொட்டலசும் ஏறிய உடம்போடு மறுபடி தெரிகிறார்கள். பத்து நிமிடத்தில் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர் கண்டது பாதிதான். 2004 சுனாமியைக் கண்ட கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர் அந்தக் கரையில் நின்றால், அவருக்கு விளக்க அட்டையே தேவைப்படாது.

‘இதெல்லாம் வெளிநாட்டுச் சமாசாரம்’ என்று ஒதுக்குவதும் சரியில்லை. நம் கிராமத்து எல்லைகளில் அய்யனாருக்கு நேர்ந்துவிட்ட சுடுமண் குதிரைகள் இருக்கின்றனவே! புதுக் குதிரை நிமிர்ந்து நிற்கும். பக்கத்திலேயே பழையது கால் உடைந்து, இடுக்கில் செடி முளைத்து, மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருக்கும். வேண்டிக்கொண்டவர் போயிருப்பார், வேண்டுதல் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும். அடுத்த கண்காட்சிக்குப் போகும்முன், ஒரு சாயங்காலம் அங்கே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.