கதலியா, கோழிக்கூட்டா: குளிரைத் தாங்கும் வாழையினத்தை வீட்டிலேயே கண்டறியும் முறை

மட்டக்களப்பு வெயிலில் வாழைப்பழம் விரைவில் கனிந்துவிடும் என்று அஞ்சிக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைப்போர், சில நாட்களில் தோல் கறுத்ததும் பழம் அழுகிவிட்டதாக எண்ணி வீசிவிடுகின்றனர். அது அழுகல் அன்று, குளிர்க்காயம். வாழைக்குப் பொருத்தமான சேமிப்பு வெப்பநிலை 13 முதல் 14 பாகை செல்சியஸ். வீட்டுப் பெட்டியோ 4, 5 பாகையில் இயங்குகிறது.

குளிரில் கலமென்சவ்வின் கொழுப்பு இறுகுவதால் சவ்வு கசியத் தொடங்குகிறது. உள்ளே தனித்திருந்த பீனோல்கள் என்னும் சேர்மங்கள் வெளியேறி, பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியத்துடன் கலந்து கறுக்கின்றன. நிரம்பாத கொழுப்பமிலங்கள் கூடுதலாக உள்ள சவ்வு எளிதில் இறுகுவதில்லை. அவற்றை ஆக்கும் நொதியங்கள் பரம்பரையலகுகளின் கட்டளைப்படியே உருவாகின்றன. குளிர் பட்டதும் தாவரத்தின் பாதுகாப்புப் பரம்பரையலகுகள் பலவற்றை முடுக்கும் சீபிஎஃப் புரதம், அரபிடோப்சிஸ் என்னும் சிறு செடியில் 1997இல் இனங்காணப்பட்டது.

நம் வாழைகள் மூசா அக்குமினாட்டா, மூசா பல்பிசியானா என்னும் இரு காட்டினங்களின் வழிவந்தவை. முன்னதிலிருந்து வந்த ஒவ்வொரு பரம்பரையலகுத் தொகுதியையும் ஏ எனவும் பின்னதிலிருந்து வந்ததை பீ எனவும் குறிப்பர். கவண்டிஷ் ஏஏஏ, மொந்தன் ஏபீபீ. கதலியும் கோழிக்கூட்டும் ஏஏபீ. வறட்சியையும் குளிரையும் தாங்கும் இயல்பு பீ வழியில் கூடுதல் என்பர். ஆயினும் ஒரே எழுத்துகளைக் கொண்ட இரண்டு இனங்கள் குளிரில் ஒன்றுபோல் நடந்துகொள்ளும் என்று கொள்ளலாகாது. சோதித்தே அறிய வேண்டும்.

இச்சோதனைக்கு வாழை மிகவும் வசதியானது. ஒரே தாய்மரத்தின் குட்டிகள் யாவும் ஒரே பரம்பரையலகுகளைக் கொண்டவை. ஆகவே அவற்றின் காய்களிடையே தோன்றும் வேறுபாடு மண், நீர், முற்றல் ஆகியவற்றால் வந்தது. ஓர் இனத்தை செங்கலடித் தோட்டத்திலிருந்தும் மற்றதைக் களுவாஞ்சிக்குடிச் சந்தையிலிருந்தும் எடுத்தால், இனத்தின் வேறுபாடும் தோட்டத்தின் வேறுபாடும் கலந்துவிடும். எனவே ஒரே தோட்டத்தில், ஒரே நாளில், ஒத்த முற்றலில் வெட்டிய குலைகளையே எடுங்கள். வெட்டுவாயில் வடியும் பாலைக் கழுவி, ஈரம் உலர்த்தி, ஒவ்வோர் இனத்திலும் பாதிச் சீப்பைப் பெட்டியிலும் மறுபாதியை நிழலான அறையிலும் வையுங்கள். பெட்டியினுள் ஒரு வெப்பமானி இருக்கட்டும்.

ஐந்தாம் நாள் வெளியே எடுத்து, உடனே தீர்ப்புச் சொல்லாமல் மேலும் இரண்டு நாள் அறையில் விடுங்கள். காயத்தின் பெரும்பகுதி சூடு பட்ட பின்னரே வெளிப்படும். பின்பு தோலை மெல்லச் சீவி, அடியில் ஓடும் பழுப்புக் கோடுகளைப் பாருங்கள். வெளித்தோலின் நிறத்தைவிட இக்கோடுகளே நம்பத்தக்கவை. கோடே இல்லையெனில் 0, மிகுந்திருந்தால் 5 எனக் கோடுகளுக்குப் புள்ளியிட்டுக் குறித்துவையுங்கள். அறையில் வைத்த காய்களிலும் கோடு காணப்பட்டால், அதைக் குளிரின் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதலில் கறுக்கும் இனத்தைப் பெட்டிக்கு அனுப்புவதற்கு முன், 42 பாகை நீரில் 15 நிமிடம் அமிழ்த்தலாம்; இது கறுத்தலைத் தாமதப்படுத்துவதாக ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. நீரின் சூட்டை விரலால் மதிப்பிடாதீர்கள், அதற்கும் வெப்பமானியே வேண்டும்.