லினன் துணி: வெட்டும் முன் நனைத்து, உலர்த்தித் தேய்ப்பது எப்படி

அண்ணனுக்கு நான் தைத்த முதல் லினன் சட்டை, இரண்டே துவைப்பில் அவன் மகனுக்குப் போய்விட்டது. கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது, நீளம் பெல்ட்டோடு நின்றுவிட்டது. தையலில் குறை இல்லை, கடையில் வாங்கிய பிட்டை நனைக்காமல் அப்படியே வெட்டியதுதான் தப்பு.

தறியில் பாவு இழைகள், அதாவது நீளவாட்டில் ஓடும் இழைகள், விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நெய்து முடித்த பிறகு ஆலையிலும் துணியை இழுத்துப் பிடித்தபடியேதான் உலர்த்துவார்கள். வீட்டில் தண்ணீர் பட்டதும் அந்த இழுவை தளர்ந்து இழைகள் உள்ளே வாங்கிக்கொள்கின்றன, அதனால்தான் பெரும்பாலும் அகலத்தைவிட நீளத்தில் அதிகமாகச் சுருங்குகிறது. லினன் பொதுவாக 3 முதல் 10 சதவீதம் வரை சுருங்கும். 5 சதவீதம் என்றால் அற்பமாகத் தெரியும், ஆனால் 30 அங்குலச் சட்டையில் அது ஒன்றரை அங்குலம். ஆகவே 2 மீட்டர் வேண்டுமென்றால் 2.25 ஆக வாங்கிவிடுங்கள்.

வாங்கியது லினன்தானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். லினன் என்று சொல்லி பாலியஸ்டர் கலந்ததையும் விற்கிறார்கள். ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் லினன் காகிதம்போல எரிந்து சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகி மணிபோல உருண்டு கெட்டியாகும். (பருத்தியும் காகிதம்போலத்தான் எரியும், அதனால் காட்டன் கலந்திருந்தால் இதில் தெரியாது.)

இப்போது ஒரு சின்ன வேலை. துணியின் நடுவில் நீளவாட்டில் சரியாக 50 சென்டிமீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் வேறு நிற நூலில் ஒரு தையல் போடுங்கள், அகலவாட்டிலும் அப்படியே. பேனா அடையாளம் வேண்டாம், அழிந்துபோகும், அழியாவிட்டால் அதைவிட மோசம். துவைத்துக் காயவைத்துத் தேய்த்த பிறகு அதே இடத்தில் டேப்பை வைத்துப் பாருங்கள். என்னுடைய போன பிட்டில் 50 என்பது 47.5 ஆகியிருந்தது, மறுபடி துவைத்தேன், 47, மூன்றாவது தடவையும் அதே 47, சரி, இனி வெட்டலாம் என்று தெரிந்துவிட்டது. எத்தனை தடவை துவைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கெல்லாம் இதுதான் பதில்: அளவு மாறாமல் நிற்கும் வரை. தளர்வான நெசவு ஒரு தடவை கூடுதலாகக் கேட்கும்.

துவைக்கப் போடும் முன், கடையில் வெட்டிக் கொடுத்த இரண்டு ஓரங்களையும் ஓவர்லாக் அல்லது ஜிக்ஜாக் தையல் அடித்துவிடுங்கள். லினன் ஓரம் பிரிய ஆரம்பித்தால் மெஷினுக்குள் நூல் கூடு கட்டிவிடும், பிறகு உட்கார்ந்து கத்தரிக்கோலால் சிக்கெடுக்க வேண்டியதுதான்.

துவைப்பதற்கு ஒரே விதி. தைத்த பிறகு அந்த உடையை எப்படித் துவைக்கப் போகிறீர்களோ, அதே மாதிரி, அல்லது அதைவிடக் கொஞ்சம் கடுமையாக. நாளைக்கு 40 டிகிரியில் மெஷினில் போடப் போகிறீர்கள் என்றால் இன்றைக்கு வாளியில் பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டு நனைத்தாயிற்று என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், மிச்சச் சுருக்கத்தை அது பிறகு காட்டும். மெஷினை அடைக்காமல் துணியைத் தளர்வாகப் போடுங்கள், சோப்பு வழக்கமாகப் போடுவதில் பாதி போதும், பிளீச்சும் கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவமும் வேண்டாம். அடர்நிறம் என்றால் தனியாகத்தான், ஈர வெள்ளைக் கைக்குட்டையால் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் சாயம் போகுமா என்று தெரிந்துவிடும். கல் உப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று வீட்டில் சொல்வார்கள், ஆலையில் சாயம் ஏற்றி வந்த துணியில் அது ஒன்றும் செய்யாது. போர் தண்ணீர் என்றால் ஒரு அலசு கூடுதலாகக் கொடுங்கள், சோப்பு தங்கினால் துணி அட்டைபோல விறைக்கும்.

உலர்த்துவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஈர லினனுக்கு எடை அதிகம், அதை முறுக்கிப் பிழிந்தால் விழும் மடிப்பு லேசில் போகாது. ஸ்பின் குறைவாக வைத்து, நின்றதும் உடனே எடுத்து, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துப் புடவை உதறுகிற மாதிரி நாலைந்து தடவை உதறுங்கள், பாதிக் கசங்கல் அங்கேயே போய்விடும். மெல்லிய நைலான் கயிற்றில் போட்டால் நடுவில் ஒரு கோடு விழும், எடையும் ஒரே இடத்தில் இழுக்கும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கயிறு கட்டி இரண்டின் மேலும் பரப்பிப் போடலாம், மூங்கில் கழி இருந்தால் இன்னும் நல்லது. நிழல், காற்று, அவ்வளவுதான். மொட்டை மாடி வெயிலில் மதியம் முழுக்கக் கிடந்தால் நிறமும் வெளுக்கும், துணியும் மொரமொரவென்று ஆகிவிடும்.

முழுக்கக் காய விடாதீர்கள். தொட்டால் சில்லென்று இருக்கும், ஆனால் கையில் ஈரம் ஒட்டாது, அந்தப் பதத்தில் எடுத்துத் தேய்க்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியில் லினனுக்குரிய அதிகபட்சச் சூடு, அடர்நிறத்துக்கு உட்புறத்தில் மட்டும், இல்லையென்றால் பளபளப்புத் திட்டு விழும். பெட்டியை இழை ஓடும் திசையிலேயே நகர்த்துங்கள், குறுக்குக் கோணத்தில் இழுத்தால் துணி கோணலாகிவிடும். ஏற்கெனவே கோணலாக இருந்தால் ஈரம் இருக்கும்போதே எதிர் மூலைகளைப் பிடித்து மெதுவாக இழுத்தால் நேராகும். காய்ந்துபோய்விட்டால் தண்ணீர் தெளித்து, சுருட்டி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். தேய்த்த சூட்டோடு மடிக்கவோ வெட்டவோ கூடாது. கட்டிலில் விரித்து ஆறவிட்டு, பிறகு துணியின் நெய்த கரையில் சின்ன வெட்டு கொடுத்து ஓர் ஊடை இழையை, அதாவது அகலவாட்டில் ஓடும் இழையை, உருவுங்கள், அது விட்டுப்போன கோட்டிலேயே வெட்டினால் ஓரம் நேராக அமையும்.

லைனிங் துணியையும் காட்டன் டேப்பையும் இதேபோல நனைத்துவிடுங்கள். காலருக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டும் ஒட்டுக் கேன்வாஸை மட்டும் மெஷினில் போடாமல் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பிழியாமல் விரித்துக் காயவையுங்கள். டிரைகிளீனிங்குக்கு மட்டுமே போகப்போகும் கோட் என்றால் துவைக்கவே வேண்டாம், துணியின் மிடுக்கு போய்விடும், நீராவி இஸ்திரி நன்றாகக் கொடுத்தாலே போதும்.

டெய்லரிடம் கொடுப்பதாக இருந்தால் நனைத்தாயிற்று என்று மறக்காமல் சொல்லுங்கள். சில டெய்லர்கள் சுருங்கும் என்று அவர்களாகவே ஒரு அங்குலம் கூட்டி வெட்டிவிடுவார்கள், அப்புறம் சட்டை தொளதொளவென்று வந்து நிற்கும்.