தலையில் அடிபட்டபின் களத்துக்குத் திரும்பும்போது நேரும் தவறுகள்

2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் டெஸ்டில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பவுன்சர் கழுத்தில் பட்டுச் சரிந்த ஸ்டீவ் ஸ்மித், மருத்துவச் சோதனைகளில் தேறி, ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் களமிறங்கி 92 ரன்கள் வரை சேர்த்தார். மறுநாள் காலையில் தலைவலியும் மந்தமும் தெரிந்தபின் அவர் விலக்கப்பட்டார். அடுத்த டெஸ்டிலும் ஆடவில்லை. மருத்துவக் குழு அருகிலேயே இருந்தவருக்கே கன்கஷன் எனப்படும் மூளை அதிர்ச்சி தாமதமாகத்தான் வெளிப்பட்டது என்றால், முகத்தில் தண்ணீர் தெளித்து, இரண்டு விரலைக் காட்டி “இது எத்தனை?” என்று கேட்டுவிட்டுப் பையனை மறுபடி ஆட அனுப்புவதைச் சோதனை என்றே சொல்ல முடியாது. சந்தேகம் எழுந்தாலே அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டும்.

‘மயங்கவில்லையே, ஸ்கேனும் நார்மல்தானே’ என்று ஆறுதல் கொள்வது அடுத்த தவறு. பெரும்பாலானோர் நினைவிழப்பதில்லை, சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டுமே தவிர, மூளை அணுக்களின் செயல்பாடு குலைந்திருப்பதைக் காட்டாது. வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி ஏறிக்கொண்டே போனாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பவே முடியாத தூக்கம் வந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: இருட்டறையில் வாரக்கணக்கில் படுத்துக்கிடப்பது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்களின் பரிந்துரைப்படி முதல் 24 முதல் 48 மணி நேரம் வரை ஓரளவு ஓய்வும் குறைந்த திரைநேரமும் போதும். அதன்பின் மெதுவான நடை மீட்சிக்கு உதவுகிறது.

எனக்குத் தெரிந்து அதிகம் பேர் சறுக்குவது அதற்கடுத்த கட்டத்தில்தான். உட்கார்ந்திருக்கையில் தலை வலிக்காததைக் குணமானதாக எண்ணி நேரே பயிற்சி ஆட்டத்துக்குப் போகிறார்கள்; சிலர் மாத்திரை போட்டுக்கொண்டு போகிறார்கள், அதனால் எச்சரிக்கையே மறைந்துபோகிறது. லேசான அன்றாட நடமாட்டத்தில் தொடங்கி முழு ஆட்டத்தில் முடியும் மீட்சியின் ஆறு படிகளில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள் தர வேண்டும். தொடக்க உடற்பயிற்சியில் இதயத்துடிப்பு உச்ச அளவில் ஏறக்குறைய 55 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இருபது வயதுக்காரருக்கு அது நிமிடத்துக்குச் சுமார் 110. பத்துக்கு எத்தனை என்று தலைவலியை மதிப்பிட்டு, இரண்டு புள்ளிக்கு மேல் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் முயலலாம். மோதலுக்கு இடமுள்ள பயிற்சி, கடுமையாக உழைத்தும் அறிகுறி எதுவும் எழாமல், மருத்துவரும் அனுமதித்த பிறகே. மாணவராக இருந்தால் அதற்கு முன் வகுப்பில் நாள் முழுதும் சிரமமின்றி உட்கார முடிய வேண்டும்.